நாட்டடவு ஆடும் அவதாரம்: செகண்ட் லைஃபுக்கு அனிமேஷன் மென்பொருள் தேர்ந்தெடுத்த அனுபவம்

2021-இன் தொடக்கம். வகுப்புகள் எல்லாம் திரைக்குள் போயிருந்த நேரம். எனக்குத் தெரிந்த பரதநாட்டிய ஆசிரியை ஒருவர், வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு வாரத்தில் இரண்டு மாலை வீடியோ அழைப்பில் அடவு, அதாவது பரதத்தின் அடிப்படை ஆட்ட அசைவுகள், சொல்லிக்கொடுத்து வந்தார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் போனில் வருத்தத்தோடு சொன்னார்:

"தம்பி, இவங்க என்னை முன்னாலேர்ந்து மட்டும்தான் பாக்குறாங்க. முதுகு எப்படி நிக்குதுன்னு பின்னால வந்து பாக்க வழியில்ல. நேர்ல வகுப்புன்னா பின்வரிசைல நின்னு பாத்தே பாதி கத்துக்குவாங்க."

செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில் நான் சில ஆண்டுகளாகப் போய்வந்துகொண்டிருந்தேன். அங்கே ஓர் அவதாரம், அதாவது பயனரின் உருவப் பொம்மை, ஆடினால், பார்ப்பவர் ஆல்ட் விசையைப் பிடித்தபடி மவுஸை நகர்த்தி அதைச் சுற்றிவரலாம். முதுகு, பக்கவாட்டு, மேலிருந்து, பாதத்துக்கு அருகே என எங்கிருந்தும் பார்க்கலாம். அக்கா கேட்டது இதைத்தான். ஆட வேண்டிய அசைவை யார் செய்வது, எதில் செய்வது என்ற கேள்விகள் மட்டும் பாக்கி. முதல் கேள்விக்கு நான் கை தூக்கினேன். இரண்டாவது கேள்வி எங்களிடமிருந்து மூன்று மாதம் வாங்கியது. இதே வேலையில் இறங்கப் போகிற இன்னொருவருக்கு அதில் பாதியாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்ன வேண்டும் என்று முதலில் எழுதிக்கொண்டோம்

முதல் நாட்டடவு. "தெய்யும் தத் தத் தெய்யும் தா" என்ற சொல்லுக்கு ஆடுவது. முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்து அரைமண்டியில் உட்கார்ந்து, கைகளைப் பக்கவாட்டில் நாட்டியாரம்பம் என்ற தொடக்க நிலையில் நீட்டி, ஒரு காலைப் பக்கமாக நீட்டிக் குதிகாலால் தட்டி, மறுபடி உள்ளே கொண்டுவர வேண்டும். மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், வேண்டும். அக்காவின் பாணியில் கையில் திரிபதாகம் என்ற முத்திரை.

எளிமையாகத் தெரிகிற இந்த அடவு, அனிமேஷன் செய்பவருக்கு ஒரு முழுத் தேர்வுத் தாள். இடுப்பு கீழே இறங்க வேண்டும். முழங்கால் முன்னால் வராமல் பக்கவாட்டில் திறக்க வேண்டும். முதுகு அசையவே கூடாது. குதிகால் தட்டும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடமாக இருக்க வேண்டும், நிற்கும் பாதம் தரையில் வழுக்கக் கூடாது. விரல்களை நீட்டிய பதாக முத்திரைக்கும் திரிபதாகத்துக்கும் ஒரே வேறுபாடு மோதிர விரல் மடங்குவதுதான். ஆகவே விரல் அசையாத மென்பொருளில் செய்தால் முத்திரையே தப்பு. அப்புறம், அசைவு திரும்பத் திரும்ப ஓடுவதால் கடைசி ஃப்ரேமும் முதல் ஃப்ரேமும் தாளம் குலையாமல் ஒட்ட வேண்டும்.

இதையெல்லாம் எழுதி வைத்துவிட்டு, நான் செய்த முதல் காரியம் அந்தப் பட்டியலை மறந்துவிட்டு மென்பொருள்களைத் தேடியதுதான். எது எளிது, எது இலவசம், எதற்கு நிறையப் பாடங்கள் கிடைக்கும் என்று பார்த்தேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. செகண்ட் லைஃபின் வாசலில் என்ன கோப்பை வாங்கிக்கொள்கிறார்கள், வாங்கிய பிறகு அதை என்ன செய்கிறார்கள்? அங்கிருந்து பின்னோக்கி நடந்துவந்திருந்தால் இந்த ஆய்வு இரண்டு பத்தியில் முடிந்திருக்கும்.

வாசலில் என்ன நடக்கிறது

சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த லிண்டன் லேப் நிறுவனம் செகண்ட் லைஃபை 2003 ஜூனில் பொதுமக்களுக்குத் திறந்தது. பயனர்கள் தாங்களே செய்த அசைவுகளைப் பதிவேற்றும் வசதி 2004-இல் வந்தது. அன்றைக்குத் தேர்ந்துகொண்ட கோப்பு வடிவம் பிவிஹெச். உடலசைவுப் பதிவில் ஈடுபட்டிருந்த பயோவிஷன் என்ற நிறுவனம் உருவாக்கிய, வெறும் எழுத்தும் எண்ணுமான கோப்பு அது. மேல்பகுதியில் எலும்புகளின் பட்டியல், கீழே ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எந்த மூட்டு எத்தனை பாகை திரும்பியது என்ற எண் வரிசை. நோட்பேடில் திறந்தே படிக்கலாம்.

அந்த எலும்புகளின் பெயர்களைப் பார்த்தால் ஒரு வரலாறு தெரியும். இடுப்பு, வயிறு, மார்பு, தொடை என்று போசர் மென்பொருள் வைத்திருந்த பெயர்களையே செகண்ட் லைஃப் எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் அங்கே அசைவு செய்தவர்களில் நிறையப் பேர் போசரில் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். இன்றும் பழைய வழிகாட்டிகளைப் படிப்பவருக்குப் "போசர் வாங்கு" என்ற அறிவுரை கண்ணில் படும். அந்த அறிவுரைக்கு வயதாகிவிட்டது.

வயதாக்கியது பென்டோ. 2016 டிசம்பரில் வெளியான இந்த விரிவாக்கம் அவதாரத்தின் எலும்புக்கூட்டைப் பெரிதாக்கியது. கைகளுக்கு மட்டும் 30 எலும்புகள், முகத்துக்கு 30. அதற்கு முன்பு விரல்களைத் தனித்தனியாக அசைக்க வழியே கிடையாது. விரித்த கை, மடித்த முஷ்டி, சுட்டும் விரல், சல்யூட் என்று ஏற்கெனவே செய்துவைத்த சில நிலைகளில் ஒன்றைப் பதிவேற்றும்போது பொறுக்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அந்த வரிசையில் திரிபதாகம் இல்லை. 2016-க்கு முன்பு அக்கா இதைக் கேட்டிருந்தால், எந்த மென்பொருளாலும் முடியாது என்று சொல்லியிருப்பேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விரல் எலும்பு எலும்புக்கூட்டில் இருந்தால் மட்டும் போதாது. அவதாரத்தின் உடல் பென்டோ எலும்புகளுக்கு ஏற்பச் செய்த மெஷ் உடலாகவோ மெஷ் கையாகவோ, அதாவது தனியாக வடிவமைத்து அணியும் முப்பரிமாண உருவமாக, இருக்க வேண்டும். செகண்ட் லைஃபோடு வரும் பழைய உடலில் எத்தனை விரல் அசைவு போட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

முதல் முயற்சி: அசையாத முதுகு காணாமல் போனது

நான் முதலில் எடுத்தது க்யூஏவிமேட்டர். செகண்ட் லைஃபுக்காகவே எழுதப்பட்ட, இலவசமான, திறமூல மென்பொருள். நிறுவிய ஐந்தாவது நிமிடத்தில் பொம்மையின் கையைத் தூக்கிவிடலாம். விரல் எலும்புகள் வருவதற்கு வெகு முன்பே எழுதப்பட்டது என்பதை அறிந்தேதான் எடுத்தேன். முதலில் காலைச் சரிசெய்வோம், விரலைப் பிறகு பார்ப்போம் என்ற எண்ணம்.

இரண்டு வாரம் செலவழித்து அரைமண்டியையும் குதிகால் தட்டையும் ஒரு மாதிரி கொண்டுவந்தேன். பதிவேற்றி அக்காவைக் கூப்பிட்டேன். அவர் தன் அவதாரத்தில் ஓடவிட்டுச் சுற்றிவந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கால் வந்திருக்கு தம்பி. ஆனா முதுகு ஏன் மூச்சு வாங்குற மாதிரி ஆடுது?" என்றார்.

உண்மைதான். இடுப்புக்குக் கீழே நாட்டடவு, இடுப்புக்கு மேலே பேருந்துக்காகக் காத்திருப்பவரின் சோம்பலான ஊசலாட்டம். என் கோப்பில் முதுகு நிமிர்ந்து அசையாமல் இருந்தது. பிறகு எங்கிருந்து வந்தது இந்த ஆட்டம்?

இதற்கு விடை கண்டுபிடித்த நாள்தான் இந்த வேலையே எனக்குப் புரிய ஆரம்பித்த நாள். பிவிஹெச் கோப்பின் முதல் ஃப்ரேமை செகண்ட் லைஃப் ஆட்டத்தில் காட்டுவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாக வைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு வரும் ஃப்ரேம்களில் எந்த மூட்டு முதல் ஃப்ரேமிலிருந்து மாறவே இல்லையோ, அந்த மூட்டு இந்த அசைவுக்குத் தேவையில்லை என்று விட்டுவிடுகிறது. கையை மட்டும் அசைக்கும் ஒரு சைகையை நடந்துகொண்டே செய்ய முடிவது இந்த ஏற்பாட்டால்தான். நல்ல ஏற்பாடு. ஆனால் என் அவதாரத்தின் முதுகு முதல் ஃப்ரேமிலும் நேர், கடைசி ஃப்ரேமிலும் நேர். ஆகவே முதுகு என்ற செய்தியே கோப்பிலிருந்து போய்விட்டது. காலியான அந்த இடத்தில், வழக்கமாக நிற்கும்போது ஓடும் அசைவு வந்து உட்கார்ந்துகொண்டது.

அக்கா காட்ட நினைத்ததே அசையாத முதுகுதான். தொலைந்ததும் அதுவேதான்.

தீர்வு சின்னது. முதல் ஃப்ரேமில் மட்டும் வயிறு, மார்பு, கழுத்து மூட்டுகளை ஒரு சில பாகை திருப்பி வைத்து, இரண்டாவது ஃப்ரேமிலிருந்து நேராக்கிவிட்டால் போதும். முதல் ஃப்ரேம் யார் கண்ணிலும் படாது. க்யூஏவிமேட்டரில் முதல் ஃப்ரேமைத் தெரியாமல் மாற்றிவிடாதபடி பூட்டி வைக்கும் வசதியே உண்டு. அது எதற்கு இருக்கிறது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. சைகை, உட்காரும் நிலை, எளிய நடனம் போன்றவற்றுக்கு இன்றும் யாராவது கேட்டால் இதைத்தான் முதலில் காட்டுவேன். விரல் வேண்டும் என்பதால் மட்டுமே அதை விட்டு நகர்ந்தோம்.

ஏற்கெனவே பதிவான அசைவு கிடைக்காதா?

கையால் ஒவ்வொரு நிலையாக வைப்பதை விட, உண்மையான மனிதரின் அசைவைப் பதிவுசெய்து போட்டால் என்ன என்ற ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உடலசைவுப் பதிவுகளின் பெரிய தொகுப்பு ஒன்றை இலவசமாகத் தருகிறது. 12 அகச்சிவப்புக் கேமராக்கள் நடுவே, உடலில் 41 குறிப்பான்கள் ஒட்டிய ஆட்களை நடக்கவும் ஓடவும் ஆடவும் வைத்துப் பிடித்தவை. 94-ஆம் எண்ணின் கீழ் இந்திய நடனம் என்றே பதிவுகள் இருப்பதைப் பார்த்ததும் மனம் துள்ளியது. இறக்கிப் பார்த்து ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். உடலின் எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறும் விதத்தை அதில் பார்த்துக் கற்றுக்கொண்டது எனக்குப் பெரிய லாபம். ஆனால் 41 குறிப்பான்களில் ஒவ்வொரு விரலுக்கும் இடமில்லை. முத்திரை பதிவாகவே இல்லை. இன்னொன்று, நமக்கு வேண்டியது நடனம் என்ற பொதுவான ஒன்று இல்லை; இந்த ஆசிரியையின் இந்த அடவு. உரிம விஷயமும் கவனிக்க வேண்டியது. அந்தத் தரவை விற்பனைப் பொருளுக்குள் பயன்படுத்தலாம், ஆனால் தரவையே, வேறு வடிவத்துக்கு மாற்றினாலும், தனியாக விற்கக் கூடாது என்பது அவர்களின் நிபந்தனை. அசைவை மட்டுமே ஒரு பொருளாக விற்க நினைப்பவர் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

மிக்ஸமோவையும் பார்த்தேன். 2015-இல் அடோபி வாங்கிய சேவை. உலாவியிலேயே ஓடும், ஆயத்த அசைவுகள் ஏராளம். அதிலிருந்து வரும் கோப்பு எஃப்பிஎக்ஸ், எலும்புப் பெயர்களும் வேறு. செகண்ட் லைஃப் எலும்புக்கூட்டுக்கு மாற்றிப் பொருத்தும் வேலை தனி. ஆயத்த அசைவு தேவைப்படுவோருக்கு அந்த உழைப்பு தகும். எங்களுக்கு இல்லை.

அக்காவையே பதிவுசெய்ய ஒரு கினெக்ட் கருவியை இரவல் வாங்கலாமா என்றும் யோசித்தோம். இரண்டாம் தலைமுறைக் கினெக்ட் உடலில் 25 மூட்டுகளைப் பிடிக்கும். கையில் கட்டைவிரலும் கை நுனியும் மட்டும். மோதிர விரல் மறுபடியும் வெளியே. அந்த யோசனையை அங்கேயே நிறுத்தினோம்.

க்யூஏவிமேட்டர், கார்னகி மெலன் பதிவு, கினெக்ட் என்ற மூன்று கதவும் ஒரே விரலால் மூடிக்கொண்டதைக் கவனியுங்கள். பட்டியலில் இருந்த ஒரு நிபந்தனையை முதலிலேயே கையில் பிடித்திருந்தால், இந்த மூன்றையும் ஒரே மாலையில் தள்ளியிருக்கலாம்.

போசர், டாஸ் ஸ்டூடியோ

இவற்றை நான் ஆழமாகப் பயன்படுத்தவில்லை, ஆகவே சுருக்கமாகவே சொல்கிறேன். இரண்டும் உருவங்களை நிறுத்திப் படமெடுக்கும் கலையில் பிறந்தவை. போசர் விலை கொடுத்து வாங்குவது, டாஸ் ஸ்டூடியோ இலவசம். இரண்டிலும் பிவிஹெச் எடுக்கலாம், இரண்டிலும் மூட்டைப் பிடித்து இழுக்கும் அனுபவம் புதியவருக்கு இதமானது. பென்டோ விரல்களுக்காக அவற்றின் சொந்த உருவங்களிலிருந்து எலும்பு பொருத்த வேண்டியிருக்கும் என்பதால் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. ஏற்கெனவே இவற்றில் கைப்பழக்கம் உள்ளவர் அதை விட்டுவிட்டு ஓடிவர வேண்டியதில்லை.

பிளெண்டர்: தரையை விட்டு எழுந்த பாதம்

மிச்சமிருந்தது பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள். இலவசம், திறமூலம். 2002-இல் அதன் பயனர்கள் ஒரு லட்சம் யூரோ திரட்டி மூலநிரலை மீட்டெடுத்துப் பொதுவில் வைத்தார்கள் என்பது எனக்குப் பிடித்த கதை. கற்றுக்கொள்ள நாளாகும் என்று பயந்துதான் அதைத் தள்ளிப்போட்டிருந்தேன். பயந்ததில் பாதி உண்மை. முதல் பத்து நாள் எதையும் அசைக்காமல், எதை அழுத்தினால் எது மறைகிறது என்று பழகுவதிலேயே போனது.

லிண்டன் லேப் பென்டோ எலும்புக்கூட்டின் கோப்புகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. அதைப் பிளெண்டரில் திறந்து, கால்களுக்கு ஐகே போட்டேன். ஐகே என்பதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். சாதாரணமாகத் தொடையைத் திருப்பி, பிறகு கெண்டைக்காலைத் திருப்பி, பாதம் எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்போம். ஐகேயில் பாதத்தை ஓரிடத்தில் ஆணியடித்துவிட்டு இடுப்பை இறக்கினால் முழங்கால் தானாக மடங்கும். முழங்கால் எந்தத் திசையில் திறக்க வேண்டும் என்பதற்கு ஒரு குறியை வெளியே வைத்துவிடலாம். அரைமண்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் காணவில்லை. நிற்கும் பாதம் வழுக்காது, தட்டும் குதிகால் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு வரும். க்யூஏவிமேட்டரில் இரண்டு வாரம் போராடியது இங்கே ஒரு மதியத்தில் முடிந்தது.

விரல்களும் வந்துவிட்டன. பிவிஹெச் எடுத்துப் பதிவேற்றினேன். அவதாரம் அந்தரத்தில் சம்மணம் போடப் போவது போல் மிதந்தது. முழங்கால் சரியாக மடங்கியிருந்தது. ஆனால் இடுப்பு கீழே இறங்கவில்லை. அதற்குப் பதில் பாதங்கள் மேலே வந்துவிட்டன.

காரணம் அளவு. பிளெண்டர் மீட்டரில் எழுதுகிறது. செகண்ட் லைஃப் பிவிஹெச்சில் இடுப்பின் இடமாற்றத்தை அங்குலமாகப் படிக்கிறது. 0.2 மீட்டர் இறங்கு என்று நான் எழுதியதை 0.2 அங்குலம் என்று அது புரிந்துகொண்டது. ஏற்றுமதி செய்யும்போது 39.37 ஆல் பெருக்கச் சொன்னால் சரியாகிவிடும். பிளெண்டரில் மேல்நோக்கிய அச்சு இசட், போசர் வழி வந்த பிவிஹெச்சில் அது ஒய். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைத்தேன்.

இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அக்காவின் கண் விடவில்லை. குதிகால் தரையைத் தொட்டதும் நீட்டிய கையில் ஒரு சிறிய உறுதிப்பாடு வரும். மணிக்கட்டு கொஞ்சமாய் இறுகி நிற்கும். அதை நான் பிளெண்டரில் வைத்திருந்தேன். செகண்ட் லைஃபில் அது இல்லை.

பிவிஹெச்சை உள்ளே எடுக்கும்போது செகண்ட் லைஃப் அதைத் தன் சொந்த வடிவத்துக்கு மாற்றுகிறது. அப்போது, முந்தைய நிலையிலிருந்து மிகச் சிறிதளவே மாறும் கீஃப்ரேம்களை, அதாவது நிலை குறித்துவைத்த ஃப்ரேம்களை, தேவையற்றவை என்று களைகிறது. கோப்பின் அளவைக் குறைக்க அது அவசியம்தான். ஒரு பெரிய அரங்கில் ஐம்பது அவதாரம் ஒன்றாக ஆடும்போது ஒவ்வொரு எண்ணும் கணக்கு. ஆனால் நடனத்தின் நயம் இருப்பது அந்தச் சின்ன மாற்றங்களில்.

இதற்கு மாற்றுவழி அனிம் என்ற கோப்பு வடிவம். அது செகண்ட் லைஃப் உள்ளுக்குள் பயன்படுத்தும் வடிவமே. அதை நேரடியாகக் கொடுத்தால் பிவிஹெச்சுக்கான அந்தச் சல்லடை வழியே போக வேண்டியதில்லை. முதல் ஃப்ரேம் தந்திரமும் தேவையில்லை, அசையாத எலும்புக்கும் இடம் உண்டு. இன்னொரு முக்கியமான சௌகரியம் முன்னுரிமை எண். இரண்டு அசைவுகள் ஒரே எலும்பைக் கேட்டால் எண் பெரியது ஜெயிக்கும். எண் சமமானால் பிறகு தொடங்கியது ஜெயிக்கும். பிவிஹெச்சைப் பதிவேற்றும்போது நாங்கள் 4 வரைதான் கொடுக்க முடிந்தது. அனிம் கோப்பிலோ 6 வரை எழுதலாம். மெஷ் உடல்களோடு வரும் கை அசைவுக் கருவிகள் உயர்ந்த முன்னுரிமையில் விரல்களைப் பிடித்துவைத்திருக்கும். எங்கள் திரிபதாகம் பாதி ஆட்டத்தில் தளர்ந்த கையாக மாறியதற்கு அதுதான் காரணம்.

ஆக, தேவை இதுதான்: ஐகே உள்ள, பென்டோ எலும்புகள் உள்ள, அனிம் கோப்பை நேராக எழுதித் தரும் ஏதாவது ஒன்று.

அவாஸ்டார்

அந்தத் தேவைக்கு நாங்கள் எடுத்தது அவாஸ்டார், பிளெண்டருக்குள் ஓடும் ஒரு துணைநிரல். கட்டணம் உண்டு. பிளெண்டர் இலவசமாக இருக்கும்போது அதன் மேல் ஒன்றுக்குப் பணம் கொடுப்பதா என்று எனக்குத் தயக்கம். அக்காதான் தெளிவாகப் பேசினார்: "நீ இதுவரைக்கும் போட்ட ராத்திரி எல்லாம் காசு இல்லையா தம்பி?"

நிறுவியதும் செகண்ட் லைஃப் அவதாரமே எலும்புக்கூட்டோடு வந்து நிற்கிறது. ஐகே கால்களிலும் கைகளிலும் தயாராக இருக்கிறது. அளவு, அச்சு பற்றிய என் மேசைத் தாள் தேவையில்லாமல் போனது. ஏற்றுமதிச் சாளரத்திலேயே முன்னுரிமை, சுழற்சி தொடங்கும் ஃப்ரேம், முடியும் ஃப்ரேம், உள்ளே வரவும் வெளியே போகவும் எடுக்கும் நேரம் எல்லாவற்றையும் கொடுக்கலாம். கற்றுக்கொள்ள இரண்டு வாரம் பிடித்தது. பிளெண்டரில் செலவழித்த நாட்கள் இங்கே வீணாகவில்லை.

பிறகு வேலை என்பது நடன வேலையாக மாறிவிட்டது. அக்கா ஆடியதை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படமெடுத்தோம். எட்டு எண்ணிக்கை, எண்ணுக்கு ஒரு வினாடி, வினாடிக்கு 30 ஃப்ரேம். முதல் காலத்துக்கு 240 ஃப்ரேம். சொல்லின் ஒவ்வொரு தட்டும் எந்த ஃப்ரேமில் விழுகிறது என்று குறித்துக்கொண்டேன். செகண்ட் லைஃபில் ஓர் அசைவு 60 வினாடி வரை இருக்கலாம் என்பதால் நீளம் பிரச்சினையே இல்லை.

இரண்டாம் காலத்துக்கு 120, மூன்றாம் காலத்துக்கு 60 ஃப்ரேம் என்று கணக்குப்படி சுருக்கி அனுப்பினேன். மூன்றாம் காலத்தைப் பார்த்துவிட்டு அக்கா சொன்னார்: "வேகம் கூடினா கால் அவ்வளவு தூரம் போகாது தம்பி. உடம்பு அதுவே குறைச்சுக்கும். நீ மெதுவா ஆடினதையே வேகமா ஓட்டிருக்க." மூன்றாம் காலத்தைப் புதிதாகவே செய்தேன். எந்த மென்பொருளிலும் இதற்கு ஒரு பொத்தான் இல்லை.

சோதனை பற்றி ஒரு வார்த்தை. சாதாரணக் கணக்கில் ஒவ்வோர் அனிமேஷன் பதிவேற்றத்துக்கும் 10 லிண்டன் டாலர் கட்டணம். தொகை சிறிதுதான், ஆனால் நாங்கள் நாற்பது தடவைக்கு மேல் பதிவேற்றியிருப்போம். ஆதிதி என்ற சோதனைக் களத்தில் உண்மைப் பணம் செலவாகாமல் பதிவேற்றிப் பார்க்கலாம். ஆரம்பத்திலிருந்தே அதைப் பயன்படுத்துங்கள்.

சரியான பிறகும் சரியாகாதவை

அசைவுக் கோப்பில் இருப்பது பெரும்பாலும் திரும்பும் கோணங்கள்தான். அக்காவின் அவதாரத்தின் கால் நீளத்துக்கு நான் செய்ததை, நெட்டையான அல்லது குட்டையான இன்னொரு அவதாரம் ஆடினால் பாதம் தரையில் சரியாகப் பதியாது; ஒன்று தரைக்குள் கொஞ்சம் இறங்கும், இல்லையென்றால் மிதக்கும். அவரவர் ஹோவர் ஹைட் என்ற, அவதாரத்தைத் தரையிலிருந்து ஏற்றி இறக்கும் அளவை மாற்றிச் சரிசெய்யலாம், ஆனால் அரைமண்டியில் சரியான உயரம் நிற்கும்போது தப்பாகிவிடும். எல்லோரும் ஒரே உருவ அளவை அணிந்து ஆடினால் மட்டுமே முழுத் தீர்வு. மென்பொருளை மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

இன்னொன்று கூட்டாக ஆடுவது. அசைவு ஓடுவது பார்ப்பவரின் கணினியில். ஆளாளுக்கு வெவ்வேறு நொடியில் தொடங்கினால் தட்டுகள் ஒன்றாக விழாது. செகண்ட் லைஃபுக்குள் நுழைய உதவும் ஃபயர்ஸ்டார்ம் மென்பொருளில் அசைவுகளை மறுபடி ஒன்றாகத் தொடங்கவைக்கும் வசதி உண்டு, அது அவரவர் திரைக்கு மட்டும். ஒரு வரிசையே சேர்ந்து ஆட வேண்டும் என்பதுதான் தேவை என்றால் அதற்கு வேறு விதமாகத் திட்டமிட வேண்டும். எங்களுக்கு அக்காவின் அவதாரம் ஒன்று ஆடினால் போதும், மற்றவர்கள் சுற்றிநின்று பார்ப்பார்கள். அதனால் விட்டுவிட்டோம்.

முதல் வகுப்பு ஒரு வெள்ளிக்கிழமை மாலை நடந்தது. ஆறு பேர். அவதாரம் மேடையில் ஆடிக்கொண்டிருக்க, அக்கா குரலில் சொல்லுக்கட்டு, அதாவது தாளச் சொற்கள், சொன்னார். ஒவ்வொருவராகத் தங்கள் பார்வையைப் பின்னால் கொண்டுபோனார்கள். "அக்கா, முட்டி இவ்வளவு பின்னாலயா போகணும்?" என்று ஒருவர் கேட்டார். அத்தனை மாத வீடியோ வகுப்பில் அந்தக் கேள்வி ஒருமுறைகூட வரவில்லை என்று பிறகு அக்கா என்னிடம் சொன்னார்.

வகுப்பு முடிந்ததும் அடுத்த வேலையையும் கொடுத்துவிட்டார். அட்டமி என்ற கழுத்து அசைவு. தலை சாயாமல், திரும்பாமல், கழுத்தின் மேல் வலமும் இடமுமாக நகர வேண்டும். நான் எழுதிய பிவிஹெச்சில் இடுப்புக்கு மட்டும்தான் இடம் மாறும் உரிமை. மற்ற மூட்டுகள் எல்லாம் திரும்ப மட்டுமே முடியும். அனிம் கோப்பில் தலை எலும்பையும் நகர்த்தலாம். அப்படி நகர்த்திய எலும்பு சில நேரம் ஆட்டம் நின்ற பிறகும் நகர்ந்த இடத்திலேயே தங்கிவிடும். அதற்கென்றே மெனுவில் எலும்புக்கூட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் கட்டளை இருக்கிறது. கழுத்தையும் தலையையும் எதிரெதிராகக் கொஞ்சம் திருப்பி அதே தோற்றத்தைக் கொண்டுவர முடியுமா என்றும் பார்க்கிறேன். இரண்டையும் செய்து, எது அட்டமி என்று அக்காவிடமே கேட்க வேண்டும்.